கதவு தட்டாத தோஸ்துங்க

வா பேராண்டி, குந்து. மொதல்ல காதுல கீறத்த எடு. வண்ணாரப்பேட்டையில மெட்ரோ ஏறி, தேரடியில எறங்கற வரைக்கும் செல்லப் பாத்துத் தனியா சிரிச்சிகினு வந்தியாமே? எதுர்ல குந்திகினு இருந்தவன் இன்னா நெனச்சிருப்பான்?

ஃப்ரெண்ட்ஸா? தெரியும்டா. அமெரிக்காகாரன் 1994ல ஆரம்பிச்சி 2004ல முடிச்ச நாடகம். மொத்தம் 236 பாகம். ஒண்ணு 22 நிமிசம்னு வச்சிக்க, தூங்காம பாத்தா மூணரை நாளுக்கு மேல வருது. நீ நாலாவது தபா பாக்குற. ரெண்டு வாரம் ராப்பகலா அவங்களோட குந்தியிருக்க. உன் தோஸ்தோட இந்த வருசத்துல ரெண்டு அவர் குந்துனியா?

சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் கீது. எவனும் கதவு தட்டல. போன் போட்டு ‘ஃப்ரீயா’ன்னு கேக்கல. நேரா பூந்து, பிரிட்ஜத் தொறந்து, இருக்கறத்த துன்றான். திட்டு வாங்கறான், மறுபடி வர்றான். இத்தப் பாக்க நீ மாசாமாசம் காசு கட்ற. காசிமேட்டுல நாங்க இத்தயே பண்ணப்ப உங்க ஆயா தொடப்பத்தத் தூக்குனா. ஓசி நாடகம்னா அவ்ளோதான் மரியாத.

அவங்க எப்பவும் குந்தற காபிக்கட சோபாவப் பாரு. நியூயார்க்காம், ஊரே வந்து போற கடையாம், சோபா மட்டும் இவங்களுக்குன்னே காலியா கீது! இத்தினிக்கும் அது கலிபோர்னியாவுல வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவுல போட்ட செட்டு. சிரிக்கறதுக்கு ஆளுங்கள எதுர்லயே குந்த வச்சி எடுத்தானுங்க. தேரடி டீக்கடையில பெஞ்சு புடிக்கணும்னா காலையில அஞ்சு மணிக்கே போவணும். அப்புறம், சமைக்கற பொண்ணுக்கு எப்டிடா அவ்ளோ பெரிய வூடுன்னு பாத்தா, பாட்டி பேர்ல கீற பழைய வாடகையாம். அங்கதான் நான் வுழுந்துட்டேன். எங்க சந்துலயே அப்டி நாலு வூடு இருந்துச்சி.

நம்மாளு எடுக்கலியான்ற. வெங்கட் பிரபு 2007ல ‘சென்னை 600028’னு கிரிக்கெட் ஆடற தோஸ்துங்க படம் எடுத்தாரே! ஃப்ரெண்ட்ஸ்ல ராஸ் தங்கச்சிய அவன் தோஸ்து சாண்ட்லர் கட்னான், இங்க பழனி தங்கச்சிய அவன் தோஸ்து கார்த்திக் லவ்வு பண்ணான். தோஸ்துங்கன்னா எந்த ஊர்லயும் இந்த வம்பு உண்டு போல. எனக்கு வயித்தெரிச்சல் வேற. எதிரி டீமுக்குன்னு பேரு தேடி, நம்ம ராயபுரத்தயே புடிச்சி ராயபுரம் ராக்கர்ஸ்னு வச்சாங்க. நம்ம பையன் ரகு ஜாகை மாத்திகினு போயி ஹீரோ டீமு ஷார்க்ஸ் பசங்களோடவே சேந்துக்குறான். இன்னிக்கும் ஆறல எனக்கு.

சரி, ஒரு புத்தி சொல்றேன் கேளு. நாளைக்கு எவன் வூட்லயாவது சொல்லாம பூந்து சோத்துப் பானையத் தொற. ஒதச்சானா, அது உன் வூடு இல்ல. அடுத்த வூட்டுக்குப் போ.

இப்ப எழுந்திரு. உன் தோஸ்து கீழ டீக்கடையாண்ட அர அவரா நிக்கிறான், அவனும் செல்லப் பாத்துத் தனியா சிரிச்சிகினு. எட்டிப் பாத்துட்டுதான் வந்தேன். அதே நாடகம்தான். அவன் இப்பதான் மூணாவது சீசன்ல கீறான், முடிவச் சொல்லித் தொலச்சிடாத.