இருத்தலும் இருத்தல் நிமித்தமும்: மாற்று கோல்கீப்பர் குறித்து ஓர் ஆய்வு

மாற்று கோல்கீப்பர் எத்திணைக்கு உரியவர் என்பதில் அறிஞரிடையே கடும் பூசல் நிலவுகிறது. பூசலிடும் அறிஞர் இதுவரை நான் ஒருவனே. ஆயினும் இரு தரப்பையும் நடுவுநிலையோடு எடுத்துரைப்பேன்.

முல்லை என்பதே என் துணிபு. அதன் உரிப்பொருள் இருத்தல். பெஞ்சில் இருத்தலினும் பெரிய இருத்தல் யாண்டும் இல்லை. பெரும்பொழுது கார்காலம், சான்று, மான்செஸ்டர். அந்நகரின் சிட்டி அணியில் ரிச்சர்ட் ரைட் 2012 முதல் 2016 வரை கார்மழை பார்த்திருந்தார். ஒரு போட்டியிலும் இறங்கவில்லை (காண்க: இக்கட்டுரை, இதே வாக்கியம்). முல்லைத் தலைவி தலைவன் வருவான் என்று ஆற்றியிருப்பாள். இவர் தலைவனுக்குத் தசை பிடிக்கும் என்று ஆற்றியிருப்பார். இச்சிறு வேறுபாட்டைப் பெரிதுபடுத்துவோர் ஆய்வுநெறி அறியாதார்.

இரங்கலால் இது நெய்தலே என்பது மறுதரப்பு. அவர்களுக்குப் பிறகு பதில் சொல்வேன்.

மாற்று கோல்கீப்பர் மூவகையர்: இருந்தார், நின்றார், புகுந்தார் என. இதற்கு இலக்கணநூல் ஒன்று இருந்து கடல்கோளில் மறைந்திருக்க வேண்டும். மறையாதிருந்தால் இந்நேரம் கிடைத்திருக்குமே!

இருந்தாருள் தலையாயவர் ஸ்காட் கார்சன். 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூல் பெஞ்சில் இருந்தார். 2023 இறுதியில் மான்செஸ்டர் சிட்டி பெஞ்சில் இருந்தார். இரண்டும் இஸ்தான்புல்லின் அதே அத்தாதுர்க் அரங்கம். இரண்டு பதக்கம், ஆடியது பூஜ்ஜியம் நிமிடம். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் அவர் பிற அணிகளுக்கு நிறையவே ஆடினார் என்பது நம் கொள்கைக்கு இடையூறாதலின் இடைச்செருகல் எனக் கொள்க. ஆட்டத்துக்கு முன் முதல் கோல்கீப்பராகிய முதல்வருக்குப் பந்தடித்துக் கொடுத்துக் கைச்சூடு ஏற்றிவிட்டு, ஆட்டம் தொடங்கியதும் ஓரத்தில் அமர்வது இவ்வகையார் தொழில். ஒருவர் உழைக்க இன்னொருவர் பெயர் முதலில் வரும் இம்முறை கால்பந்துக்குச் சென்றது பல்கலைக்கழக ஆய்வுத்துறைகளிலிருந்தே என்பர். (காண்க: என் வரவிருக்கும் நூல். அதை இக்கட்டுரையை மேற்கோள் காட்டியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

நின்றார் ஒருவரே: வில்லி கபயெரோ. 2019 பிப்ரவரி 24, வெம்பிளி, லீக் கோப்பை இறுதி. கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் செல்சி பயிற்சியாளர் சாரி இவரை அழைத்தார். கையுறை மாட்டிக் கோட்டோரம் வந்து நின்றார். முதல்வர் கெப்பா வெளியே வர மறுத்துக் கையசைத்தார். ஆட்டம் பெனால்டிக்குப் போனது, செல்சி தோற்றது. வாயில் வரை வந்தும் வாயில் மறுக்கப்பட்டதால் இதை மருதம் எனத் திரித்துப் பொருள்கொள்ள ஆசைதான். அடக்கிக்கொள்கிறேன்.

இனிப் புகுந்தார். ஈண்டு ஆராயவேண்டியது ஆட்களை அன்று, குப்பியை. 2014 உலகக் கோப்பை காலிறுதியில், கோஸ்டா ரிகாவுக்கு எதிராகப் பெனால்டி தொடங்கும் முன் நெதர்லாந்து பயிற்சியாளர் வான் கால், யாஸ்பர் சிலெசனை எடுத்துவிட்டு டிம் குருலை இறக்கினார். சிலெசனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் வெளியே வந்து ஒரு குப்பியை உதைத்தார். குருல் இரண்டைத் தடுத்தார், நெதர்லாந்து வென்றது. 2022 ஜூனில் கத்தாரில், பெரு அணிக்கு எதிராகப் பெனால்டிக்கென்றே இறங்கிய ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ரெட்மெய்ன் கோல் கோட்டின் மேல் கைகால் உதறி ஆடினார். அத்துடன் பெருவின் கோல்கீப்பர் எவர் எப்பக்கம் அடிப்பார் எனக் குறிப்பு ஒட்டி வைத்திருந்த குப்பியை எடுத்து வீசியெறிந்தார். கடைசிப் பெனால்டியைத் தடுத்தார். ஆஸ்திரேலியா உலகக் கோப்பைக்குப் போனது.

ஆக, குப்பி கருப்பொருள். அது நிலைபெயர்ந்தால் மாற்று கோல்கீப்பர் வெல்வார் என்பது விதி. இரண்டே சான்றுகளா என்பார்க்கு: ஒரே கல்வெட்டை வைத்து ஒரு வம்சத்தையே நட்டவர்கள் நம்மிடையே பொன்னாடை போர்த்தி நடமாடுகிறார்கள். உதைபட்ட குப்பியில் தண்ணீர் இருந்ததா என்பது முனைவர் பட்டத்துக்குப் போதிய சிக்கல். மாணவர் விண்ணப்பிக்கலாம், தலைப்பக்கத்தில் முதற்பெயர் என்னுடையது.