கடைசி வரி காணாமல் போவது குறித்து ஓர் ஆராய்ச்சி

ஒரு கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒவ்வொன்றாகப் படிப்பதில் ஆராய என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் பாஷ் ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்ததில்லை என்பது கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது.

முதலில் வரி என்றால் என்ன? யுனிக்ஸ் உலகின் பொதுத் தரமான போசிக்ஸ் இதில் கறாராக இருக்கிறது. எழுத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முடிவில் நியூலைன் குறி இருந்தே தீர வேண்டும். குறி இல்லாமல் கோப்பின் கடைசியில் தொங்கும் எழுத்துகளுக்கு ‘அரைகுறை வரி’ என்று தனிச்சாதியே ஒதுக்கியிருக்கிறது அந்த ஆவணம்.

இங்கேதான் உலகம் இரண்டு கட்சியாகிறது. நியூலைன் வரியை முடித்துவைக்கிறது என்பது ஒரு கட்சி. இரண்டு வரிகளைப் பிரிக்க மட்டுமே அது என்பது இன்னொன்று. இரண்டாம் கட்சிக்காரர் கடைசி வரிக்குப் பிறகு எண்டர் தட்ட மாட்டார். பின்னால் வரிதான் இல்லையே, எதைப் பிரிக்க?

சோதனைக்கு ஒரு கோப்பு: கண்ணன், வள்ளி, முருகன், வரிக்கு ஒருவர். முருகனுக்குப் பிறகு எண்டர் இல்லை. வரி எண்ணும் கருவியான டபிள்யூசி, 2 என்கிறது. அது எண்ணுவது நியூலைன்களை; மனிதர்களை அல்ல. அடுத்து, பாஷில் எல்லாரும் எழுதும் ‘வைல் ரீட்’ லூப். கண்ணனுக்கு வணக்கம், வள்ளிக்கு வணக்கம், அத்தோடு சரி. பைத்தானும் ‘ஆக்’ கருவியும் அதே கோப்பில் மூவரையும் மதிக்கின்றன.

முருகனை பாஷ் படிக்கவில்லை என்று நினைப்பது தவறு. ரீட் அவர் பெயரைப் படித்து மாறியில் போட்டும் விடுகிறது. ஆனால் நியூலைனைக் காணுமுன் கோப்பு தீர்ந்துபோனதால் ‘தோல்வி’ என்று அறிக்கை தருகிறது. லூப் அந்த அறிக்கையை நம்பிக் கடையைக் கட்டுகிறது. இலை போட்டுச் சோறும் வைத்தாயிற்று, உட்காரச் சொல்லத்தான் ஆளில்லை. லூப் முடிந்தபின் மாறியை அச்சிட்டால் முருகன் சமர்த்தாக வந்து நிற்கிறார். பரிகாரம் எளிது: லூப்பின் நிபந்தனையில் ‘அல்லது மாறி காலியாக இல்லாவிட்டால்’ என்று ஒரு வால் சேர்ப்பது. அப்படியே ‘ஐஎஃப்எஸ்’ மாறியைக் காலியாக்கி, ரீடுக்கு ‘-ஆர்’ கொடுத்துவிடுவதும் நல்லது. இல்லையேல் வரியின் இரு ஓரத்து இடைவெளிகளும் பின்சாய்வுக் கோடுகளும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

பேர்ல் மொழியில் சிக்கல் வேறு விதம். அங்கே வரியோடு நியூலைனும் சேர்ந்தே வரும். நாம்தான் வெட்ட வேண்டும். பழைய ‘சாப்’ கட்டளை கடைசியில் எது இருந்தாலும் வெட்டும். முருகனிடம் நியூலைன் இல்லை. எனவே கடைசி ‘ன்’னின் புள்ளி மேல் கத்தி விழுகிறது. யுடிஎஃப்-8இல் புள்ளிக்கு 3 பைட்டுகள். குறியாக்கம் சொல்லாமல் படித்தால் அதில் 1 போய், மீதி 2 எந்த எழுத்தும் ஆகாமல் நிற்கும். நியூலைன் இருந்தால் மட்டும் வெட்டும் ‘சாம்ப்’, பேர்ல் 5இல் வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் நியூலைனே ஒன்றா என்றால் அதுவும் இல்லை. 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற அச்சு எந்திரம் நொடிக்கு 10 எழுத்து அடித்தது. அச்சுத்தலை இடது ஓரத்துக்குத் திரும்ப ஒரு குறி, காகிதம் ஏற இன்னொன்று. டாஸும் விண்டோஸும் இரண்டையும் சீதனமாக வைத்துக்கொண்டன. யுனிக்ஸ் ஒன்றோடு நிறுத்தியது. நோட்பேட் யுனிக்ஸ் வரிகளைப் பிரித்துக் காட்டக் கற்றது 2018இல்தான். விண்டோஸில் தயாரான பெயர்ப் பட்டியலை பாஷில் படித்து, பெயருக்குப் பின் ஆச்சரியக்குறி போட்டு அச்சிட்டால், அது வரியின் தொடக்கத்துக்கு ஓடிப்போய் முதல் எழுத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அச்சுத்தலை இல்லாத திரையில் அச்சுத்தலையைத் திருப்பிய புண்ணியம் அது.

எண்டர் சரியாகத் தட்டிய கோப்பும் தப்பாது. சர்வர் பட்டியலை வரிவரியாகப் படித்து, லூப்புக்குள் எஸ்எஸ்ஹெச் மூலம் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளையை ஓட்டினால், பெரும்பாலும் முதல் சர்வரோடு வேலை முடிந்துவிடும். பட்டியலின் மிச்ச வரிகளைத் தனக்கு வந்த உள்ளீடு என்று எஸ்எஸ்ஹெச் விழுங்கிவிடுகிறது, பிழைச்செய்தி கிடையாது. ‘-என்’ சேர்த்தால் விழுங்காது என்று கையேட்டில் எழுதித்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் திறக்கப்படுவது, இரண்டாவது சர்வர் ஏன் அப்படியே இருக்கிறது என்று மேலாளர் கேட்ட பிறகு.