கல் ஊறட்டும்

போடிநாயக்கனூரைக் கடக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு மேற்கு முனையில் கொச்சி, கிழக்கு முனையில் தொண்டி. இரண்டு பக்கமும் கடல். நடுவில் முந்தலில் தொடங்கி போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏலத்தோட்டமும் மூடுபனியும்தான். இங்கே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குள் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர் தனி ரகம். அவரைக் கண்டுபிடிப்பது சுலபம்: தொட்டி இருக்கும், மீன் இருக்காது.

"மீன் எங்கண்ணே?" என்று கேட்டால் மாடிக்கு அழைத்துப்போய் நீல டிரம்மைத் திறந்து காட்டுவார். உள்ளே கல்.

கல் அழகுக்கல்ல. அதன் பொடி ஓட்டைகளில் குடியேறும் பாக்டீரியாதான் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. ஜகார்த்தாவின் லீ சின் எங் 1960களின் தொடக்கத்திலேயே கடல்கல்லை உயிரோடு தொட்டியில் வைத்துக் காட்டிவிட்டார். நம்மவருக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ராமேஸ்வரம் போய்வந்த மச்சான் கரையில் பொறுக்கிய பவளத்துண்டை ஆசையாக நீட்டினால், இவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

ஆகவே சிமெண்டு, சிப்பித்தூள், கல்லுப்பு கலந்து வார்த்த கல். உப்பு கரைந்த இடமெல்லாம் ஓட்டை. தொட்டியைக் கலைத்த யாரோ ஒருவரிடம் காய்ந்த பாசி, செத்த புழு சகிதம் வாங்கி வந்தது.

பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ப்ளீச் கலந்து ஊறவைப்பார். அழுக்கு வெந்து போனதும் கழுவி, மிச்சக் குளோரின் போக ஹைப்போ. வடகம் காய்ந்த தட்டோட்டியில் இப்போது கல் காய்கிறது. அடுத்து ஆசிட். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல என்பதை வீட்டுக்கு வரும் கேபிள்காரருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கல் பொங்கி நுரைக்கும்; பாஸ்பேட் ஏறிய மேல்தோல் கரையும். ப்ளீச்சும் ஆசிட்டும் சந்தித்தால் குளோரின் வாயு என்பதால் ஒன்று மாடியில், மற்றொன்று கொல்லையில்.

"ஏங்க, இட்லிக் கொப்பரையில ரெண்டு கொதி விட்டா முடிஞ்சுராதா?" என்று வீட்டம்மா ஒருநாள் கேட்டுவிட்டார். மனிதர் வெலவெலத்துப் போனார். பவளப் பாறையில் ஒட்டியிருக்கும் சில உயிரிகளில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு; கொதிக்கவைத்தால் ஆவியோடு நெஞ்சுக்குள் போகும். 2018இல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் ஊரில் தொட்டிப் பவளத்தைச் சுரண்டிய வீட்டில் குடும்பமும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் ஆஸ்பத்திரிக்குப் போன கதையை அன்று சோறு ஆறும்வரை சொன்னார். தன் கல் சிமெண்டு என்பது அவருக்கு நினைவில்லை. கொப்பரை தப்பித்ததில் அம்மாவுக்கும் நிம்மதி.

இத்தனைக்கும் ஆள் சோம்பேறியல்ல. ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் தட்டில் கொட்டிய மாதிரிக் காயை விரலால் தள்ளிப் பார்த்த மாத்திரத்தில், எட்டு மில்லிமீட்டர் காயா என்று சொல்லி விலை கேட்பவர். கல் விஷயத்தில் மட்டும் அந்த வேகம் எங்கே போகிறதோ!

கடைசிக் கட்டம்: கடல்நீரில், இருட்டில், மோட்டார் ஓடியபடி பல வாரம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 200 லிட்டருக்கு ஏழு கிலோ. "தூத்துக்குடி கல்லுப்புப் போடலாம்லண்ணே" என்பவருக்கு மக்னீசியம், கால்சியம் என்று தனி வகுப்பு. தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். போடியில் இருப்பவர் சில்லர் தேடுகிறார், மெட்டில் இருப்பவர் ஹீட்டர் தேடுகிறார். இருவரும் போனில் பேசினால் இரண்டு வீட்டிலும் இரவுச் சாப்பாடு தள்ளிப்போகும்.

ஒருவழியாக அம்மோனியா இறங்கியது. குஞ்சுப் பண்ணையில் பொரித்த இரண்டு கோமாளி மீன்கள் வந்திறங்கின. தெருவே பார்க்க வந்தது. மீன்கள் கல்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மோட்டார் பக்கத்து மூலையில் குடித்தனம் வைத்துக்கொண்டன.

"வெயிட் பண்ணுங்க, கல்லுக்கு வரும்" என்றார் அவர், டெஸ்ட் கிட்டைத் திறந்துகொண்டே.