உருபு ஏறிய பஸ்

தமிழில் காரிலும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம். ஒரே ‘இல்’ இரண்டுக்கும் போதும். ஆங்கிலத்தில் காருக்கு ‘இன்’, பஸ்ஸுக்கு ‘ஆன்’. குனிந்து நுழைந்தால் ‘இன்’, எழுந்து நடமாட முடிந்தால் ‘ஆன்’ என்று வாத்தியார்கள் சூத்திரம் சொல்வார்கள். மாலை ஆறு மணிக்கு நம்மூர் டவுன் பஸ்ஸில் எவரும் நடமாட முடியாது. அப்போதும் ‘ஆன்’தானாம்.

காலைக்கு ‘இன்’, இரவுக்கு ‘அட்’, திங்கட்கிழமைக்கு ‘ஆன்’. வார இறுதிக்கு லண்டனில் ‘அட்’, நியூயார்க்கில் ‘ஆன்’. விடுமுறையில்கூட அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. நாம் ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் தாராள மனசோடு ஓர் ‘அபௌட்’ சேர்த்தால் மட்டும் முகம் சுளிப்பார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, ‘பஸ்’ என்ற சொல்தான். ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வால் அது. ‘எல்லோர்’ என்பதைக் கீழே இறக்கிவிட்டு, ‘க்கு’வை மட்டும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆக, நாம் தினமும் ஏறுவது ஒரு நான்காம் வேற்றுமை உருபில். ‘இன்’னோ ‘ஆன்’னோ, இடம் கிடைத்தால் முதலில் உட்காருங்கள்.