ரோஜாக் காடி

சுபாங் ஜெயாவில் பழைய காடி வாங்க மூன்று பேர் தலையாட்ட வேண்டும்: விற்கிறவர், கடன் கொடுக்கிற பேங்க், அங்கிள். முதல் இரண்டு பேரும் சுலபமாக ஆட்டிவிடுவார்கள்.

எஸ்எஸ்14 தொடங்கி யூஎஸ்ஜே வரைக்கும் தாமானுக்கு ஓர் அங்கிளாவது இருப்பார். போர்மேன் வேலை பார்த்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அங்கிள் முப்பது வருஷம் ஆபீசில் கோப்பு பார்த்தவர். இப்போது காடி பார்க்கிறார். சட்டைப் பையில் ஒரு டார்ச் லைட். கால்சட்டைப் பையில் ஈப்போ போனபோது வாங்கிய பொமேலோ பழ மேக்னட், பெயிண்டில் கீறல் விழாமல் இருக்கக் கைக்குட்டையில் சுற்றியது. அதைக் காடியின் மேலே வைப்பார். ஒட்டினால் இரும்பு, விழுந்தால் புட்டி. விழும்போது அவர் முகத்தில் வருகிற ஒளியை, மகளுக்கு டிகிரி கிடைத்த அன்றுகூடப் பார்க்கவில்லை என்பது ஆன்டியின் புகார்.

அப்புறம் ஜாதகம். காடிக் கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் ஓர் எண்ணும் சில புள்ளிகளும் இருக்கும். எண், கண்ணாடி செய்த வருஷத்தின் கடைசி இலக்கம். புள்ளிகளை எண்ணினால் மாதம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் தைத்த துணியில் அதற்கும் பிறந்த தேதி. டயரில் 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்து 23-வது வாரம். கண்ணாடியில் 5 என்றால் 1995-ஆ, 2005-ஆ என்று போர்மேனே கொஞ்சம் யோசிப்பார். அங்கிள் யோசிக்க மாட்டார். எது விற்பவருக்கு ஆகாதோ அதுதான் வருஷம்.

பூஸ்பாகோமில் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையில் எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அங்கிளுக்கு அது போதாது. “நம்பர் சரியா இருக்கும் தம்பி, மத்ததெல்லாம் யாரு பாக்குறது?” அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1993-இல் பக்கத்து ஷா ஆலாமில் இருந்து வந்த புரோட்டான் வீரா, மிட்சுபிஷி லான்சரின் உடம்பில் பிறந்த பிள்ளை. அதனால் ஜப்பானில் கழித்துக் கட்டிய லான்சரைப் பாதியாக அறுத்து ‘ஹாஃப் கட்’ என்று இங்கே இறக்கினால், வீராவுக்குப் பொருந்தாத சாமான் குறைவு. அடுத்த வீட்டுப் பையன் ஈவோ த்ரீ முகம் வைத்த வீரா ஒன்றை வாங்கிவந்தான். அங்கிள் பானெட்டைத் திறந்து பார்த்து ஒரே வரியில் முடித்தார்: “மூஞ்சி ஈவோ, மூச்சு 1.5.” பையன் ஒரு வாரம் தலைகாட்டவில்லை.

முன்னாள் டாக்சி என்றால் அவருக்குத் தீபாவளி. கூரைத் துணியை விரலால் தடவி விளக்கு வைத்த ஓட்டையைத் தேடுவார்; பூட்டில் கேஸ் தோம்பு மாட்டிய இடத்தைத் தேடுவார். கிடைத்ததும் தீர்ப்பு. “இது காடி இல்ல தம்பி, ரோஜாக்.”

ஒரே ஒருமுறை அவர் தோற்றுப் போனதைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரின் கஞ்சில். ஆறு கண்ணாடிக்கும் ஒரே வருஷம், பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை, மேக்னட் ஓர் இடத்திலும் விழவில்லை. அங்கிள் அன்று தே தாரிக்கைப் பாதியில் வைத்துவிட்டார். “ரொம்ப சுத்தமா இருக்கு. எதையோ மறைக்கிறாங்க லா.” வாங்க வந்தவரும் பயந்துபோய்த் திரும்பிவிட்டார். 2016-இல் எல்ஆர்டி சுபாங் ஜெயாவுக்கு நீண்டபோது யார் மகிழ்ந்தார்களோ இல்லையோ, அங்கிளிடம் யோசனை கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள்.

போன மாதம் என் முறை. யூஎஸ்ஜேயில் ஒரு சில்வர் வீரா. விற்ற சீனப் பெரியவர், “பாஸ், செமுவா ஒரிஜினல்” என்றார். அங்கிள் பதில் சொல்லவில்லை. டாக்டர் பதில் சொல்வாரா? பலாப்பழம் தட்டுகிற மாதிரி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனார். வலது முன் ஃபெண்டரில் மேக்னட் விழுந்தது. ஹெட்லேம்ப் ஒன்று புதுசு, ஒன்று பழசு. இடது பின்கதவில் நின்றார்.

“பாத்தியா, கீல் போல்ட்டுல பெயிண்ட் பேந்திருக்கு. கதவு வேற காடியோடது.” நகத்தால் சுரண்டினார். “சில்வருக்கு அடியில பச்சை. எந்தப் பெசி புரோக் கடையில தூக்கினானோ.”

டார்ச்சைக் கதவின் விளிம்பில் அடித்தார். ரப்பருக்குப் பக்கத்தில், பூட்டுக்குக் கொஞ்சம் மேலே, காசால் கீறிய மாதிரி ஒரு கோணல் ‘அ’. மேலே சில்வர் அடித்தும் பள்ளம் அப்படியே இருந்தது.

அங்கிள் டார்ச்சை அணைக்கவில்லை. பேசவும் இல்லை. இருபது வருஷம் பச்சை வீரா ஓட்டியவர் அவர். கடைசியில் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டது தாமானுக்கே தெரியும். மகள் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த வாரம், படித்ததைக் காடிக் கதவில் எழுதி அடி வாங்கிய கதையும் தெரியும்.

“என்ன அங்கிள், ரோஜாக்தானா? வேணாமா?”

கைக்குட்டையை எடுத்து, மேக்னட்டை உள்ளே போட்டுவிட்டு, அந்த விளிம்பை மட்டும் துடைத்தார்.

“காடி உனக்கு வேணாம்” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “கதவ மட்டும் குடுப்பாரான்னு கேட்டுப் பாரு.”