திருநெல்வேலியில் லண்டன் புவியீர்ப்பு

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் ரெக்கார்டு நோட்டுகளைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்தால், அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கண்ணால் அளந்து ஒரே கையால் எழுதினார்கள் என்று அறிக்கை கொடுத்துவிடுவார்கள். இடது பக்கம் பென்சில் படமும் அட்டவணையும். வலது பக்கம் நீல மையில் நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை. முதல் பெஞ்சுக்காரன் ‘அலைவு’ என்பதை ‘அலவு’ என்று எழுதிவிட்டால் கடைசி பெஞ்சு வரைக்கும் ஊசல் அலவிக்கொண்டே போகும். ஈயடிச்சான் காப்பியில் ஈ மட்டும்தான் பாக்கி.

எங்கள் பள்ளிக்கூடம் நெல்லைப் பக்கம். அங்கே லேபுக்கு அதிபதி இயற்பியல் சார் அல்ல, அட்டெண்டர். பீரோ சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். இரும்புக் குண்டு, நூல், இரண்டாகப் பிளந்த கார்க், ஸ்டாண்டு, ஸ்டாப் வாட்ச் எல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார். கேட்காமலே விடையையும் கொடுப்பார்.

“எல, 9.81 வரணும். வராட்டா, வர வை.”

தனி ஊசல் சோதனை பார்வைக்குச் சாது. நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, லேசாக இழுத்து விட்டு, 20 அலைவுக்கு எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். குண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது வாட்சை அமுக்கி ‘பூஜ்யம்’ என்று தொடங்க வேண்டும். சிக்கல் அங்கேதான். என் பெஞ்சுக்காரனின் அப்பாவுக்கு நெல் வியாபாரம். களத்தில் மரக்காலால் அளக்கும்போது யாரும் ஒன்று என்று தொடங்குவதில்லை, ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார்கள். இவனும் வாட்சை அமுக்கிய கையோடு “லாபம், ரெண்டு, மூணு” என்று போனான். இருபது என்று அவன் நிறுத்தியபோது குண்டு ஆடி முடித்திருந்தது பத்தொன்பதுதான். கணக்குப் போட்டால் ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 10.8. வியாபாரத்தில் சொன்ன மாதிரியே லாபம். பூமி சும்மா கிடக்கையில் ஈர்ப்பு பத்து சதவீதம் கூடிவிட்டது.

அட்டெண்டர் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “சனியன் பிடிச்ச பய” என்றார். சனி கிரகத்தின் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 10.4 என்று பிறகு படித்தேன். கோபத்தில் சொன்னாலும் மனுஷன் ஏறத்தாழ சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

சரிசெய்யும் வழி எளிது. ‘முடிவு’ என்ற இடத்தில் முதலில் 9.81 என்று எழுதிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து மேல்நோக்கி நடந்தால், ஊசல் நீளத்தை அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் எல் பை டி ஸ்கொயர் 0.2485. எல்லா வரிசையிலும் 0.2485 என்றே இருந்தால் சாருக்குச் சந்தேகம் வரும். அதனால் ஒன்றில் 0.2483, இன்னொன்றில் 0.2487 என்று, புது வேட்டியைக் கொஞ்சம் கசக்கிக் கட்டுவது மாதிரி கலைத்துவிடுவோம். இதில் எங்கள் வகுப்பு அடைந்த தேர்ச்சியைக் கொஞ்சம் படிப்பிலும் காட்டியிருந்தால் பாதிப் பேர் ஐ.ஐ.டி.க்குப் போயிருப்பார்கள்.

வகுப்பில் ஒருத்தன் மட்டும் 9.78 என்று எழுதினான். நேர்மையானவன் என்று சொல்ல மாட்டேன், கணக்கில் சோம்பேறி. அவனுக்கு ஒரு மார்க் குறைந்தது.

வேடிக்கை என்னவென்றால் அவன் எழுதியதுதான் சரி. பூமி நிலநடுக்கோட்டில் சற்றுப் புடைத்திருக்கிறது, அங்கே சுழற்சி வேகமும் அதிகம். அதனால் துருவத்துப் பக்கம் 9.83 ஆக இருக்கும் ஜி, நிலநடுக்கோட்டில் 9.78க்கு இறங்கிவிடுகிறது. சென்னையோ திருநெல்வேலியோ, தமிழ்நாட்டுச் சமவெளிக்கு உரியது 9.78. லண்டனுக்கு உரியது 9.81. ஆக, தாமிரபரணிக் கரையில் நின்றுகொண்டு எங்கள் வகுப்பே லண்டனின் புவியீர்ப்பை இரண்டு தசமத் திருத்தமாக அளந்து கையெழுத்தும் வாங்கியிருக்கிறது. ஒரு மீட்டர் ஊசலில் இந்த இரண்டு மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், 20 அலைவு முடிய ஆகும் நாற்பது விநாடியில் வெறும் 0.06 விநாடி. எங்கள் ஸ்டாப் வாட்சை அமுக்கினால் முள் கிளம்பவே அதைவிட நேரம் ஆகும்.

ஊரைப் பொறுத்து ஊசல் மாறும் என்று கண்டுபிடித்ததும் ஒரு பிராக்டிகல்காரர்தான். 1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், நிலநடுக்கோட்டுக்கு அருகே தென்னமெரிக்காவில் உள்ள கயேனுக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைக் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் குறைத்த பிறகுதான் சரியாக ஓடியது. வெயிலில் கம்பி நீண்டிருக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. நியூட்டன் அந்த அளவை நம்பினார். பூமி உருண்டையாக இல்லை, இடுப்பில் பெருத்திருக்கிறது என்ற தன் வாதத்துக்கு 1687இல் அதையும் சாட்சிக்கு அழைத்தார். ரிஷே மட்டும் எங்கள் லேபுக்கு வந்திருந்தால், “எல, பாரிஸ்ல என்ன வந்துச்சோ அதைப் போடு” என்று ஒரே வார்த்தையில் பூமியின் இடுப்பை இளைக்க வைத்திருப்பார் அட்டெண்டர்.

பெரிய இடத்திலும் இந்த நோய் உண்டு என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளை வைத்து அளந்த மில்லிகன் 1923இல் நோபல் பரிசு வாங்கினார். காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் தவறு, அதனால் விடை சற்றே குறைந்துபோனது. பின்னால் வந்தவர்கள் ஒரேயடியாகச் சரியான மதிப்பைச் சொல்லவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள் என்று 1974இல் கால்டெக் பட்டமளிப்பு விழாவில் ஃபெயின்மன் கேலி செய்தார். மில்லிகனைவிட ரொம்ப அதிகமாக வந்தால் எங்கோ தப்பு என்று துருவித் துருவித் தேடுவார்களாம், அருகில் வந்தால் விட்டுவிடுவார்களாம். அப்படியே எங்கள் வகுப்பு.

எங்களை ஏமாற்றாத கருவி ஒன்று உண்டு, ஸ்பெக்ட்ரோமீட்டர். இருட்டறையில் சோடியம் விளக்கு சூடாகி மஞ்சளுக்கு வர நிமிடங்கள் பிடிக்கும். தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பட்டகத்தை மெல்லத் திருப்பினால் அந்த மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகரும், நகரும், ஓரிடத்தில் தயங்கும், பிறகு வந்த வழியே திரும்பும். திரும்புகிற இடம்தான் சிறும திசைமாற்றக் கோணம். யார் சொல்லியும் அது திரும்புவதில்லை. முதல்முறை பார்த்தபோது வாயைத் திறந்தபடி நின்றேன். அதற்குள் பின்னாலிருந்து அட்டெண்டர், “பட்டகம் 60 டிகிரிதான், போட்டுக்க” என்றார்.

பிராக்டிகலுக்கு அட்டெண்டர் இருந்தார். புராஜெக்டுக்கு அப்பாக்கள் இருக்கிறோம். இப்போது சென்னையில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குக் கண்காட்சி வந்தது. தலைப்பு, மழை அலாரம். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கடைக்காரர் முகத்தைப் பார்த்தே, “பசங்க புராஜெக்டா சார்?” என்று கேட்டு பி.சி. 547 டிரான்சிஸ்டர், பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, ஒன்றையொன்று தொடாமல் தாமிரக் கோடுகள் ஓடும் சின்னப் பலகை எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டார். கோடுகளுக்கு நடுவே தண்ணீர் விழுந்தால் அதன் வழியே துளி மின்சாரம் கசியும், டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு பஸ்ஸரைக் கத்த விடும்.

போர் தண்ணீரைச் சொட்டினோம், தெருவே திரும்பிப் பார்த்தது. ஆர்.ஓ. தண்ணீருக்கு முனகியது. அன்று சாயங்காலம் நிஜமாகவே மழை வந்தது. மொட்டைமாடியில் நீட்டிப் பிடித்தால் கப்சிப். தண்ணீரில் மின்சாரத்தைச் சுமப்பது கரைந்திருக்கும் உப்புகள். மழை என்பது வானம் காய்ச்சி வடித்த தண்ணீர், உப்பு அநேகமாக இருக்காது. மகளின் மிஸ்ஸிடம் கேட்டோம். “ஒரு சிட்டிகை உப்பு போட்டு எடுத்துட்டு வா. எல்லாரும் அப்படித்தான்” என்றார். கேட்டதும் சாவிக்கொத்துச் சத்தம் காதில் விழுந்தது.

கண்காட்சியில் அலாரம் காதைப் பிளந்தது. நடுவராக வந்த பெரியவர் விரலில் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்.

“என்னம்மா, மழை கரிக்குது?”

“தூத்துக்குடி மழை சார்,” என்றாள். “அப்பா ஊரு அந்தப் பக்கம்தான்.”

இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு தெர்மகோலில் செய்த நீர்மின் நிலையத்துக்கு. நனைந்தால் பெயின்ட் கரைந்துவிடும் என்பதால் அதில் கடைசிவரை தண்ணீரே விடவில்லை.