எழுத்துக்கூட்டிகளும் உத்தேசக்காரர்களும்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஏதென்ஸில் ஹெரோடெஸ் அட்டிகஸ் என்று ஒரு பெரும் பணக்காரர் இருந்தார். ஊருக்கு அரங்கம் கட்டிக் கொடுத்தவர், மேடைப் பேச்சில் புலி, பிற்காலத்தில் ரோமச் சக்கரவர்த்தியான மார்க்கஸ் அரேலியஸுக்கே வாத்தியார். சொந்தப் பிள்ளைக்கு மட்டும் ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்பா யோசித்தார். மகன் வயதிலேயே 24 சிறுவர்களை வீட்டில் வைத்து வளர்த்தார். ஒவ்வொருவனுக்கும் ஓர் எழுத்தின் பெயர். காலையில் எழுந்து "டேய் டெல்டா, காமாவைக் கிள்ளாதே" என்று கத்தினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும் என்பது ஏற்பாடு. இன்றைக்கு ஸ்கூல் ஃபீஸைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள், அந்த மனிதருக்கு ஆகியிருக்கக்கூடிய சாப்பாட்டுச் செலவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பலன்? பையன் வளர்ந்து குடிகாரனாகத் திரிந்தான் என்கிறார் இந்தக் கதையை எழுதிவைத்த ஃபிலோஸ்ட்ராட்டஸ். அம்மா வழிச் சொத்து அவனுக்குப் போனது. அப்பா தன் சொத்தை வேறு ஆட்களுக்கு எழுதிவைத்துவிட்டார்.

என் சந்தேகம் என்னவென்றால், பையன் 24 பேரின் பெயரையும் தெரிந்துதான் வைத்திருப்பான். இரண்டு பேரைச் சேர்த்து நிறுத்தினால் என்ன சத்தம் வரும் என்பதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இங்கிலீஷ் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கும் இதே சங்கடம்தான். சி, ஏ, டி என்று மூன்று பேரை அறிமுகம் செய்துவைக்கிறோம். மூவரும் சேர்ந்தால் 'சியேடி' என்றல்லவா வரவேண்டும்? 'கேட்' என்று பூனை வந்து நிற்கிறது. குழந்தைக்குப் பகீரென்கிறது. நாமும் ஆனா, ஆவன்னா என்று பெயர் வைத்தவர்கள்தான். ஆனால் அம்மா என்று படிக்கும்போது ஆனாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'னா'வைத் திண்ணையிலேயே இறக்கிவிட்டு உள்ளே போகிற புத்தி நமக்கு இருந்தது.

வெள்ளைக்காரர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்று சொன்னால் பாவம். ஜான் ஹார்ட் என்பவர் 1570-லேயே, எழுத்தின் பெயரை விட்டுத் தொலையுங்கள், அதன் ஒலியைப் படம் காட்டிச் சொல்லிக்கொடுங்கள் என்று லண்டனில் புத்தகம் போட்டார். ஊர் அசையவில்லை. குழந்தைகள் கையில் கைப்பிடி வைத்த மரப்பலகை. அதில் ஒட்டிய எழுத்துத் தாளின் மேல் கண்ணாடிக்குப் பதிலாக மாட்டுக் கொம்பைச் சீவிய மெல்லிய தகடு. பாடம் அலுத்தால் அதே பலகையால் பந்தடிக்கலாம். பிரான்ஸில், கூட்டல் போடும் இயந்திரம் செய்த அதே பிளெய்ஸ் பாஸ்கல், ஒலியை வைத்துப் படிக்கச் சொல்லித்தரும் ஒரு முறையையும் யோசித்துவைத்திருந்தார். போர்ட் ராயல் மடத்துப் பள்ளியில் இருந்த அவர் தங்கை ஜாக்லின், அதை எப்படிச் செய்வது என்று 1655-ல் அண்ணனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். சில வருஷங்களில் அந்த மடத்தைச் சேர்ந்த பள்ளிகளை ராஜா இழுத்து மூடினார். காரணம் மதச் சண்டை. எழுத்துக்கூட்டலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் சகுனம் சரியில்லை.

இந்தக் கதைக்குள் நம் மெட்ராஸும் ஒருமுறை தலைநீட்டிவிட்டுப் போகிறது. எழும்பூரில் 1789-ல் தொடங்கிய ராணுவ அநாதைப் பையன்கள் விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பாளர். ஒருநாள் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். விரல் எழுத, வாய் சொல்ல, சட்டாம்பிள்ளை மேற்பார்வை செய்ய, அண்ணாவி ஓரமாகச் சாய்ந்திருக்கும் அந்தக் காட்சி நமக்குப் புதிதில்லை. பெல்லுக்கு ஞானோதயம். தன் வாத்தியார்களைக் கூப்பிட்டு இப்படிச் சொல்லிக்கொடுங்கள் என்றார், முடியாது என்றார்கள். ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டார். அவன் செய்துகாட்டிவிட்டான். பெல் அதை 'மெட்ராஸ் முறை' என்று 1797-ல் இங்கிலாந்தில் புத்தகமாகப் போட்டுப் பேரும் பணமும் சேர்த்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயில் அடக்கமாகும் அளவுக்கு உயர்ந்தார். பெயர் தெரியாத அந்தச் சட்டாம்பிள்ளைக்கு ஒரு காலணா ராயல்டி வரவில்லை.

உண்மையான குஸ்தி அமெரிக்காவில்தான். மாசசூசெட்ஸ் கல்வி வாரியச் செயலாளர் ஹோரஸ் மான் நல்ல மனுஷர். ஏழைக் குழந்தைக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று தொண்டை வறளப் பேசியவர். 1843-ல் மேரி பீபாடியைக் கல்யாணம் செய்துகொண்டு ஐரோப்பாவுக்குத் தேனிலவு போனார். போன இடத்தில் புது மனைவிக்கு அவர் காட்டியது பள்ளிக்கூடங்களும் சிறைச்சாலைகளும். பிரஷ்யாவில் சிரித்த முகத்தோடு, பிரம்பில்லாமல், பலகையில் படம் வரைந்து பாடம் நடத்தும் வாத்தியார்களைப் பார்த்து நெக்குருகிவிட்டார். எழுத்துகள் என்றால் மானுக்கு ஏற்கெனவே ஆகாது. ரத்தமில்லாத எலும்புக்கூட்டுப் பேய்கள் என்கிற தோரணையில் அவற்றைப் பற்றிப் பேசியவர். குழந்தை முழுச் சொல்லையும் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்ளட்டும், எழுத்தெல்லாம் பிறகு பார்க்கலாம் என்பது அவர் கட்சி. பிரஷ்யாக்காரர்கள் எழுத்தின் ஒலியைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது, தேனிலவு மயக்கத்தில் அவர் காதில் சரியாக விழவில்லை போலும்.

ஊர் திரும்பி ஓர் அறிக்கை விட்டார். பாஸ்டன் தலைமையாசிரியர்கள் 31 பேருக்குச் சுள்ளென்றது. 1844-ல் 144 பக்கத்துக்கு மறுப்பு போட்டார்கள். மான் 176 பக்கத்துக்குப் பதில் போட்டார். அவர்கள் பதிலுக்குப் பதில் போட்டார்கள். இவர் பதிலுக்குப் பதிலுக்குப் பதில் போட்டார். இத்தனையையும் படிக்க ஊரில் எழுத்தறிந்தவர்கள் இருந்தார்கள் என்பதே, பழைய முறை அத்தனை மோசமில்லை என்பதற்குச் சாட்சி. அந்த 31 பேர் சொன்னது எளிய விஷயம்: சொல்லைப் படம் மாதிரி பார்த்துப் பழகிய பிள்ளை புதுச் சொல் வந்தால் முழிக்கும், எழுத்தும் ஒலியும் தெரிந்த பிள்ளை தானே திறந்துகொள்ளும். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதே மறுப்பில், பிரம்பை மட்டும் விட மாட்டோம் என்றும் அடம்பிடித்தார்கள்.

எழுத்துக்கூட்டும் முறையின் ஜாதகமே இதுதான். படிப்பு விஷயத்தில் நியாயம் எந்தப் பக்கமோ, பிரம்பும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். கருணை, படம், பாட்டு, தேனிலவு எல்லாம், முழுச் சொல்லைப் பார்த்து உத்தேசமாகச் சொல்லட்டும் என்கிற உத்தேசக்காரர்கள் பக்கம். பார்க்கிறவர்கள் யாரோடு சேருவார்கள்?

சேர்ந்தார்கள். 1930 வாக்கில் சிகாகோ பேராசிரியர் வில்லியம் கிரேயின் மேற்பார்வையில் டிக், ஜேன் என்ற அண்ணன் தங்கை பாடப் புத்தகத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். ஸ்பாட் என்று ஒரு நாய். பக்கத்துக்குப் பக்கம் ஓடு, பார், ஓடு, பார். இருக்கிற நாலு சொல்லையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் குழந்தையின் கண்ணில் பதியவைப்பது உத்தி. கதை என்று ஏதாவது நடந்தால் புதுச் சொல் தேவைப்படும் என்பதால் எதுவும் நடக்காது. அமெரிக்கக் குழந்தைகளில் பெரும்பாலோர் பல பத்தாண்டுகள் இந்த நாயின் பின்னால் ஓடினார்கள்.

வியன்னாவிலிருந்து வந்த வக்கீல் ருடால்ஃப் ஃப்ளெஷ்ஷுக்கு 1955-ல் பொறுமை போயிற்று. ஜானிக்கு ஏன் படிக்க வரவில்லை என்று ஒரு புத்தகம் போட்டு, 26 எழுத்து வைத்திருக்கிற மொழியைச் சீன மொழி மாதிரி சொல்லிக்கொடுக்கிறீர்களே என்று விளாசினார். புத்தகம் பிய்த்துக்கொண்டு விற்றது. ஃப்ளெஷ் சொன்னது சரி. சொன்ன விதத்தில் நாட்டிலிருந்த வாத்தியார்கள் அத்தனை பேரும் ஜென்ம விரோதிகளானார்கள். மறுவருஷமே வாசிப்பு வல்லுநர்கள் சர்வதேசச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். முதல் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்பாட்டின் வளர்ப்புத் தந்தை வில்லியம் கிரே.

இந்தச் சண்டையில் உருப்படியாகக் கிடைத்தது ஒரு பூனை. 1957-ல் டாக்டர் ஸூஸ், பதிப்பாளர் கொடுத்த சொற்பட்டியலை வைத்துக்கொண்டு 236 வெவ்வேறு சொற்களில் தொப்பிப் பூனையின் கதையை எழுதி முடித்தார். கேட், ஹேட், ஸேட் என்று எதுகையாக அடுக்கியதில், முதல் எழுத்தை மாற்றினால் சத்தம் எப்படி மாறும் என்பதைக் குழந்தை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டது. பிரிட்டனில் ஜேம்ஸ் பிட்மன் வேறு வழியில் போனார். இங்கிலீஷ் எழுத்துதான் பிரச்சினை என்றால் எழுத்தையே மாற்றுவோம் என்று நாற்பதுக்கு மேல் எழுத்துள்ள புதிய அரிச்சுவடி ஒன்றை 1961-ல் பள்ளிகளில் இறக்கினார். குழந்தைகள் அதில் அருமையாகப் படித்தார்கள். பிறகு, இது போதும், இனி உலகம் எழுதுகிறபடி எழுது என்றார்கள். ஸ்பெல்லிங் இன்றைக்கும் உதைக்கிறது என்று சொல்லும் தாத்தா பாட்டிகள் அங்கே உண்டு.

1967 ஒரு விசேஷமான வருஷம். ஹார்வர்டின் ஜீன் சால் வருஷக்கணக்கில் ஆய்வுகளைத் தோண்டி, பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி, தொடக்கத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைச் சொல்லிக்கொடுப்பதே மேல் என்று தடித்த புத்தகம் எழுதினார். அதே வருஷம் கென் குட்மன் என்ற பேராசிரியர், வாசிப்பு என்பது ஒருவகை ஊக விளையாட்டு என்று ஒரு கட்டுரை எழுதினார். குதிரை என்று அச்சாகியிருக்க, குழந்தை மட்டக்குதிரை என்று படித்தால் அவர் கட்சிக்குப் பரம சந்தோஷம்: அர்த்தம் பிடிபட்டதே, பிறகென்ன? தடித்த புத்தகம் அலமாரிக்குப் போனது, விளையாட்டு வகுப்புக்குப் போனது. தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், முன்பின் பார், உத்தேசமாகச் சொல். மருந்துக் கடையிலும் இப்படிப் படிக்கலாமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கலிஃபோர்னியா 1987-ல் இதையே மாநிலக் கொள்கையாக்கியது. நல்ல கதைப் புத்தகங்களைச் சுற்றிப் பரப்பிவைத்தால் படிப்பு தானாக வந்துவிடும் என்பது நம்பிக்கை. 1994 தேசியத் தேர்வில் அம்மாநிலத்து நாலாம் வகுப்புப் பிள்ளைகள் லூசியானாவோடு கைகோத்துக் கடைசி இடத்தில் நின்றார்கள். கொள்கையைக் கொண்டுவந்த கல்வித் தலைவர் பில் ஹோனிக் பிறகு தப்பு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு எழுத்துக்கூட்டும் கட்சிக்கே பிரசாரம் செய்தார். கட்சி மாறியவர்களில் பதவி கேட்காமல் மாறிய அபூர்வப் பிறவி.

அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டு அமைந்த வல்லுநர் குழுவும் 2000-ல் ஒலி வழியே சரி என்றது. விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் அதிபர் ஜார்ஜ் புஷ். 2001 செப்டம்பர் 11 காலை ஃப்ளோரிடா பள்ளி ஒன்றில் அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது இந்த வாசிப்புப் பாடத்தைத்தான். புஷ்ஷுக்குப் பிடித்தது எனக்கு எதற்கு என்று முற்போக்கு வாத்தியார்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முன்பு பிரம்பு, இப்போது புஷ். நல்ல வழிக்குத் துணை மட்டும் ஒருநாளும் நல்லதாக அமைவதில்லை.

இங்கிலாந்து வளைந்து நெளியாமல் சட்டமே போட்டுவிட்டது. 2012-லிருந்து ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே 40 சொல் பரீட்சை. அதில் 20 சொற்களுக்கு அர்த்தமே கிடையாது. ஏமாந்துவிடக் கூடாதென்று அவற்றின் பக்கத்தில் வேற்றுக்கிரகப் பூதத்தின் படம் போட்டிருப்பார்கள்: இது அந்தப் பூதத்தின் பெயர், படி பார்க்கலாம். கவிஞர் மைக்கேல் ரோஸன் உட்படப் பலர், இதுவா வாசிப்பு என்று திட்டித் தீர்த்தார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் சிலர் 'ஸ்ட்ராம்' என்ற பூதத்தைப் புயல் என்று நினைத்து 'ஸ்டார்ம்' ஆக்கிவிட்டார்கள் என்ற புகாரும் வந்தது. கோபத்தில் நியாயம் இருக்கிறது. புத்தக ஆசை பூதத்திடமிருந்து வராது. ஆனால் அர்த்தமில்லாத சொல்லுக்கு ஒரு சௌகரியம்: அதை யாராலும் உத்தேசமாகச் சொல்ல முடியாது.

அதனால் நம் ஊரில் இந்த ஒலி வழியை ஃபோனிக்ஸ் என்ற பெயரில் சொல்லித்தரும் வகுப்புக்குப் பணம் கட்டும் அம்மா அப்பாக்களுக்கு ஒரு விண்ணப்பம். சான்றிதழ், பட்டமளிப்புத் தொப்பி, மேடையில் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். எந்த அகராதியிலும் இல்லாத மூன்றெழுத்துச் சொல் ஒன்றை இங்கிலீஷில் எழுதிப் பிள்ளையிடம் நீட்டுங்கள். படித்துவிட்டால் கட்டிய ஃபீஸ் செரித்தது. படிக்காமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.